நாற்காலி ஏறிய ஆம்ப்

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களில் கோயில் கொடை நடக்கும் ராத்திரிகளில், மெல்லிசை மேடைக்குப் பக்கவாட்டில் போய் நிற்பது என் வழக்கம். முன்னால் உட்கார்ந்தால் மைக்செட்டுக்காரரின் பாக்ஸ் சொல்வதுதான் கேட்கும். பக்கத்தில் நின்றால்தான் வாசிக்கிறவர்கள் படும் பாடு தெரியும். போன சித்திரையில் பார்த்த மேடை, தார் டிரம்களின் மேல் பலகை பரப்பி ஜமுக்காளம் விரித்தது. கிட்டார் வாசித்த இளைஞர் தன் ஆம்பை (ஆம்ப்ளிஃபயர் பெட்டியை) ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏற்றிக் கயிற்றால் இரண்டு சுற்றுக் கட்டியிருந்தார். தடித்த கம்பியை அவர் தட்டியபோதெல்லாம் நாற்காலியின் கை கடகடத்தது.

இடைவேளையில், ஏன் நாற்காலி என்று கேட்டேன். “கீழ வச்சா எனக்கே கேக்க மாட்டேங்கு அண்ணாச்சி. மொழங்காலுக்குத்தான் கேக்கு” என்றார்.

அவர் சொன்னது கணக்குப்படியும் சரி. 12 அங்குல ஸ்பீக்கர் தாழ்ந்த சுரங்களை நாலாபக்கமும் பரப்பும். ஏறத்தாழ 1300 ஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போக ஒலி டார்ச் வெளிச்சம்போல நேராகக் குவிந்துவிடும். கிட்டாரின் தெளிவு, கம்பியில் பிளெக்ட்ரம் படும் அந்தச் சுள்ளென்ற ஓசை, இருப்பது அந்தக் குவிந்த பகுதியில்தான். தரையில் இருக்கும் ஆம்பின் ஸ்பீக்கர் நடு 25 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, நின்று வாசிக்கிறவரின் காது 150 செ.மீ. உயரத்தில். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் காது அந்தக் குவியலிலிருந்து 50 பாகைக்கு மேல் விலகியிருக்கும். அவருக்குக் கேட்பது மந்தமான முனகல் மட்டும். கேட்கவில்லையே என்று டிரெபிளைத் திருகுவார், பிறகு வால்யூமைத் திருகுவார். எதிரே, ஏறத்தாழ அந்தக் குவியலுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்திருக்கும் சிறுபிள்ளைகளுக்கு அது ஊசியாய்க் குத்தும். மேடையில் சத்தம் ஏற ஏற, பாடகியின் மைக்குக்குள் கிட்டார் புகுந்து அவர் குரலைத் தின்றுவிடும். ஆம்பை உயர்த்துவதற்கு இதைவிடப் பெரிய நியாயம் வேண்டியதில்லை.

ஆனால் உயர்த்துவதற்கு ஒரு விலை உண்டு. தரையை ஒட்டியிருக்கும் ஸ்பீக்கருக்குத் தரையே துணை. தாழ்ந்த சுரங்களில் நேராக வரும் ஒலியும் தரையில் பட்டுத் திரும்பும் ஒலியும் ஒன்றுகூடி 6 டெசிபல் வரை கூட்டித் தரும். உயர்த்தினால் இரண்டும் வந்து சேரும் பாதைகளின் நீளம் மாறிப்போகும். ஸ்பீக்கர் நடு 75 செ.மீ. உயரத்தில் இருக்க, வாசிக்கிறவர் இரண்டு மீட்டர் தள்ளி நிற்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். தரையில் பட்டு வரும் ஒலி, நேர் ஒலியைவிட 87 செ.மீ. அதிகம் பயணம் செய்கிறது. 200 ஹெர்ட்ஸை ஒட்டிய சுரத்தில் இரண்டும் ஒன்றையொன்று அறுத்துக்கொண்டு அங்கே ஒரு பள்ளம் விழும். கிட்டாரின் மூன்றாம் கம்பி, எங்கும் அழுத்தாமல் மீட்டினால், 196 ஹெர்ட்ஸ்! ரிதம் வாசிப்பில் கார்டின் நடுவயிறு அந்த இடம்தான். தரையில் வைத்தாலும் பள்ளம் இல்லாமல் இல்லை. அது 580 ஹெர்ட்ஸ் பக்கம் போய் விழும். ஜமுக்காளம் மேல்சுரங்களைக் கொஞ்சம் உறிஞ்சும், 200 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது. எனவே நாற்காலியில் ஏற்றியதும் “சத்தம் தெளிஞ்சிட்டு, ஆனா ஒல்லியாப் போச்சு” என்று ஒருவர் சொன்னால், இரண்டையும் நம்பலாம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரிய மேடைகளில் ஆம்பின் முகத்தருகே ஒரு மைக்கை வைத்து மிக்சருக்கு அனுப்புகிறார்கள். இரண்டு விரல்கடை தூரத்தில் இருக்கும் அந்த மைக்குக்குத் தரை ஒரு பொருட்டே அல்ல. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்பவருக்கு ஆம்பின் உயரத்தால் நேரடியாக ஆவது ஒன்றுமில்லை. இது மேடையில் நிற்பவர்களின் காது சம்பந்தப்பட்ட விஷயம்.

அந்தக் காதுகளைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. ஆம்பை மேசையில் ஏற்றினால் ஸ்பீக்கர், உட்கார்ந்து வாசிக்கும் கீபோர்டுக்காரரின் காதுக்கு நேராக வந்துவிடுகிறது. 85 டெசிபலை எட்டு மணி நேரம் வரை தாங்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழிலாளர் நல ஆய்வு நிறுவனத்தின் அளவுகோல். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். நம் கச்சேரி மூன்று மணி நேரம் நடக்கிறது. உயர்த்துகிறவர் வால்யூமையும் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் அவர் வலியைப் பக்கத்து ஆளுக்கு மாற்றிவிடுகிறார், அவ்வளவுதான்.

ஆம்பின் அடியில் மாட்டும் சக்கரத்தின் கதை வேறு. ரோலண்டின் ஜேசி-120 ஆம்ப் 1975இல் வந்தது. 28 கிலோ எடை, சக்கரத்தோடே விற்கிறார்கள். சக்கரம் மாட்டினால் பேஸ் குறையும் என்று சிலர் சொல்வது அரைகுறை உண்மை. ஏழெட்டு செ.மீ. உயர்வு தாழ்ந்த சுரங்களில் தரையின் எதிரொலிப்பை அதிகம் மாற்றாது. அங்கே மாறக்கூடியது அதிர்வுதான். டிரம்மில் பரப்பிய பலகை மேடை தானே ஒரு முரசு. ஆம்பின் அடிப்பக்கம் உதறுவதை வாங்கிக் குமுறும். ரப்பர் சக்கரம் அதைச் சற்றுத் தணிக்கும். கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரம் தன் பங்குக்குக் கிலுகிலுக்கும். பானைக்குப் பிரிமணை போல, நாலாக மடித்த சாக்கு இரண்டையும்விட நன்றாக வேலை செய்யும். சிமென்ட் கலையரங்கத்தில் இந்தப் பேச்சே தேவையில்லை.

குட்டியானை வண்டியிலிருந்து மேடை வரை உருட்டத்தான் சக்கரம் என்றால், அந்த வழியைப் பார்க்க வேண்டும். மணல், சரளை, தண்ணீர் ஓடும் வாய்க்கால். இரண்டு அங்குலச் சக்கரம் அங்கே புதையும். தடுக்கினால் உள்ளேயுள்ள ரிவெர்ப் ஸ்பிரிங்குகள் அலறும். வண்டிக்குள் கட்டாவிட்டால் தானே உருளும். கழற்றி மாட்டும் சக்கரமும் பூட்டும் இருந்தால் வாங்கலாம், மற்றபடி இரண்டு ஆள் தூக்குவதே நல்லது.

ஒலியைக் காதுப் பக்கம் திருப்பப் பழைய கம்பெனிகள் வழி கண்டிருக்கின்றன. 1960களிலேயே ஃபெண்டர் தன் பெரிய ஆம்ப்களின் பக்கவாட்டில் மடக்குக் கால்கள் வைத்தது. ஆம்ப் தரையிலேயே இருந்தபடி பின்னால் சாயும். வாக்ஸ், சாய்க்கவும் உருட்டவும் முடிகிற குரோம் சட்டம் செய்தது. மார்ஷல், நான்கு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் இரண்டை வானம் பார்க்கச் சரித்தது. சாய்ப்புத்தான் என் கட்சி. தரையின் துணை பெரும்பாலும் மிஞ்சும், ஒலியும் காதைத் தேடி வரும். பாடகியின் மைக் அந்த ஒலிப்பாதையில் இருந்தால் மட்டும் சிக்கல். ஆம்பை மேடையோரம் வைத்து வாசிக்கிறவரைப் பார்க்கத் திருப்பினால் அது தீரும்.

அன்றைக்குக் கோயில் பொங்கல் அடுப்பிலிருந்து ஒரு செங்கல் எடுத்து வந்தோம். சாக்கை மடித்துப் பலகையில் போட்டு, ஆம்பை இறக்கி, முன்பக்கம் செங்கல்லைக் கொடுத்தோம். 7 செ.மீ. தூக்கினால் 25 செ.மீ. ஆழமுள்ள பெட்டி 16 பாகை சாயும். இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவருக்கே தேவை அதன் இருமடங்கு, ஆனாலும் அதற்கு மேல் அந்தப் பலகையில் நம்பிச் சாய்க்க முடியாது. அவர் கார்டைத் தட்டிப் பார்த்தார், ஓரடி பின்னால் போய் மறுபடி தட்டினார். பிறகு வால்யூமை ஆறிலிருந்து நாலுக்கு இறக்கினார். காலியான நாற்காலியைக் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து எடுத்துப் போய், மேடைக்கு இடப்பக்கம் அவ்வளவு நேரமும் நின்றுகொண்டிருந்த ஒரு பாட்டிக்குப் போட்டார்.