வழிபாட்டுச் சொல்லும் சமயக் கோட்பாடும்: பினாங்கிலிருந்து ஒரு நோக்கு

கிறித்தவத் தமிழைப் பற்றிய நம் திறனாய்வுகள் வீரமாமுனிவரின் காப்பியத்தையும் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தையும் கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தையும் விரிவாகப் பேசுகின்றன. ஞாயிறுதோறும் மக்கள் வாய்விட்டுச் சொல்லும் வழிபாட்டு நூல்களின் மொழியையோ 'வடசொல் மிகுந்த நடை' என ஒரே தொடரில் ஒதுக்கிவிடுகின்றன. இம்மதிப்பீடு குறையுடையது என்பது நம் கருத்து. அச்சொற்கள் வெறும் நடைப்பழக்கத்தால் விளைந்தவை அல்ல. அவை சமயக் கோட்பாட்டு விவாதங்களில் எடுக்கப்பட்ட நிலைப்பாடுகள். ஆங்கிலிக்கன் திருச்சபையின் வழிபாட்டுத் தமிழைக் கொண்டு இதனை நிறுவ முற்படுகிறோம்.

ஆங்கிலிக்கன் மரபை இதற்குத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. உரோமைத் திருச்சபைக்குப் போதனை அதிகாரமும் லுத்தரன் திருச்சபைக்கு விசுவாச அறிக்கைகளும் அடிப்படை. ஆங்கிலிக்கன் மரபிலோ கோட்பாடு பெரிதும் பொது மன்றாட்டு நூலிலேயே உறைகிறது. அப்பமும் இரசமும் வழங்கும்போது குரு சொல்லும் சொற்களை நோக்குக. 1549ஆம் ஆண்டு நூலின் சொற்கள் கிறிஸ்துவின் உடலையும் இரத்தத்தையும் முன்னிறுத்தின. 1552ஆம் ஆண்டு நூல் அவற்றை நீக்கி, நினைவுகூர்தலை வலியுறுத்தியது. 1559ஆம் ஆண்டு நூல் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து இணைத்தது. விவாதம் தீர்க்கப்படவில்லை, இரு தரப்பினரும் ஒன்றாக நின்று சொல்லத்தக்க வாய்பாடு ஒன்று அமைக்கப்பட்டது. இத்தகைய நூலை மொழிபெயர்ப்பவர், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், இறையியலாளர் ஆகிவிடுகிறார்.

பினாங்கு இவ்வரலாற்றின் ஓரத்தில் நிற்பதன்று. ஜார்ஜ் டவுனின் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818இல் கட்டி முடிக்கப்பட்டு, 1819ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் கல்கத்தா அத்தியட்சர் தாமஸ் மிடில்டனால் பிரதிட்டை செய்யப்பட்டது. அக்காலத்தில் பினாங்கும் தமிழகமும் அதே கல்கத்தா மறைமாவட்டத்தின் ஆளுகையில் இருந்தன. சென்னையில் ரோட்லர் மன்றாட்டு நூலைத் தமிழாக்கினார். பினாங்கின் குருவும் 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலை நிறுவியவருமான ஹட்சிங்ஸ் மலாய் விவிலியத்தைத் திருத்தும் பணியில் ஈடுபட்டார். 1571ஆம் ஆண்டின் 39 கோட்பாட்டுப் பிரிவுகளுள் 24ஆவது, மக்களுக்கு விளங்காத மொழியில் பொது வழிபாடு நடத்துதல் தகாது என்கிறது. ஆகவே வழிபாட்டை மக்கள் மொழியில் அமைப்பது ஆங்கிலிக்கன் மரபில் வசதி பற்றியதன்று. அதுவே ஒரு கோட்பாடு. இந்தியக் கைதிகளின் உழைப்பும் கலந்து எழுந்த அத்தேவாலயத்தில் ஆங்கில வழிபாடு ஒலித்ததை இக்கோட்பாட்டைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

இனிச் சொற்களுக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'பிரீஸ்ட்' என்னும் ஒரே சொல், பலியிடும் ஆசாரியரையும் சபையின் மூப்பரையும் குறித்து 16ஆம் நூற்றாண்டில் பெரும் பூசலுக்கு இடமளித்தது. தூய்மைவாதிகள் அச்சொல்லை எதிர்த்தனர். மன்றாட்டு நூலைக் காத்து எழுதிய ரிச்சர்டு ஹூக்கரும் 'பிரெஸ்பிட்டர்' என்பதே பொருத்தமானது என ஒப்புக்கொண்டார். தமிழ் விவிலியத்தில் இச்சிக்கல் எழவில்லை. பழைய ஏற்பாட்டினர் 'ஆசாரியர்' ஆயினர், புதிய ஏற்பாட்டினர் 'மூப்பர்' ஆயினர். திருநெல்வேலி ஆங்கிலிக்கன் வழக்கில் இவ்விரண்டும் அல்லாத 'குருவானவர்' என்னும் மூன்றாம் சொல் நிலைபெற்றது. அது பலியிடுவோர் என்ற பொருளைத் தவிர்க்கிறது. எனினும் சைவ மரபில் தீட்சை அளித்து ஆன்மாவை உய்விக்கும் குருவின் பெருமை முழுவதையும் உடன் கொண்டுவருகிறது. ஆங்கிலத்தில் இருந்த ஓர் ஐயம் தமிழில் தீர்ந்தது. ஆங்கிலம் அறியாத வேறோர் ஐயம் தமிழில் பிறந்தது.

அத்தியட்சர் பதவி பற்றிய பூசல் இதனினும் கடுமையானது. குருப்பட்டம் அளிக்கும் உரிமை அத்தியட்சருக்கு மட்டுமே உரியதா என்னும் வினா, திருநெல்வேலியில் ரேனியஸின் வாழ்வையே திசைதிருப்பியது. லுத்தரன் பட்டம் பெற்ற அவர் ஆங்கிலிக்கன் நிலைப்பாட்டை வெளிப்படையாக மறுத்தெழுதியதால் 1835இல் தம் சங்கத்தின் பணியிலிருந்து நீக்கப்பட்டார். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் உருவான தென்னிந்தியத் திருச்சபை, அத்தியட்சர் முறையை ஏற்றது. ஆனால் அதற்கு இன்னதே விளக்கம் என வரையறுக்கவில்லை. முன்னரே பிற சபைகளில் பட்டம் பெற்றோரை மறுபட்டம் கோராது ஏற்றது. 1948ஆம் ஆண்டு லாம்பெத் மாநாடு அதற்கு முழு உறவை வழங்கவில்லை. மலாயாவின் ஆங்கிலிக்கன் சபைகள் அவ்விணைப்பில் சேராமையால், ஒரே மன்றாட்டு நூலில் வளர்ந்த உறவினர்கள் கடலின் இரு கரைகளிலும் வெவ்வேறு திருச்சபையினர் ஆயினர்.

இப்பூசலின் மையமான கிரேக்கச் சொல்லுக்கு 'மேற்பார்வையாளர்' என்பதே நேர்ப்பொருள். 'அத்தியட்சர்' அதனை வடசொல்லால் சரியாகவே தருகிறது. 1871ஆம் ஆண்டு விவிலியம் அவ்விடத்தில் 'கண்காணி' என்னும் தமிழ்ச்சொல்லை ஆள்கிறது. தமிழகத்தில் அது நடுநிலைச் சொல்லாக ஒலித்திருக்கலாம். தோட்டப்புறத்து மலாயாவிலோ 'கங்காணி' என்பவர் ஆள் திரட்டவும் வேலை வாங்கவும் அதிகாரம் பெற்றவர். அங்கே அப்பகுதியைக் கேட்கும் ஒருவரின் செவியில் திருப்பணியாளரும் தோட்ட அதிகாரியும் ஒருங்கே தோன்றுவர் அல்லவா? இன்று பரவியுள்ள 'பேராயர்' அதிகாரத்தை மறைத்து மேய்ப்பனின் அன்பை முன்வைக்கிறது. மூன்று சொற்களும் மூன்று கோட்பாடுகள்.

இறைவனின் பெயரும் இவ்வாறே பப்ரிசியஸிடம் 'பராபரன்' ஆகவும், 1871இல் 'தேவன்' ஆகவும், பின்வந்த திருத்தங்களில் 'கடவுள்' ஆகவும் மாறியது. பப்ரிசியஸின் பாடம் திருத்தப்பட்டபோது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வன்மையாக எதிர்த்தார். அவரைப் பழைமைவாதி எனக் கூறி நிறுத்திக்கொள்வது எளிது. தலைமுறைகளாக மன்றாடிய சொல்லை மாற்றுவது விசுவாசத்தையே மாற்றுவதாகும் என்பது அவர் தரப்பின் உட்கருத்து. அதற்கு இன்னும் நிறைவான மறுமொழி கிடைத்ததாகச் சொல்ல இயலாது.

இன்று இருவகைப் போக்குகளைக் காண்கிறோம். ஒன்று, வடசொல் என்ற ஒரே காரணத்தால் பழஞ்சொற்களைக் களைவது. மற்றொன்று, பழையது என்ற ஒரே காரணத்தால் அவற்றைக் காப்பது. முதலாவது சொல்லின் பிறப்பை மட்டும் பார்க்கிறது. இரண்டாவது அதன் வயதை மட்டும் பார்க்கிறது. இரண்டும் பொருளைப் பார்ப்பதில்லை. 'இராப்போஜனம்' என்பதை 'திருவிருந்து' என மாற்றுவது தமிழாக்கம் மட்டுமன்று. கிறிஸ்து துயருற்ற இரவின் நினைவிலிருந்து கூடியுண்ணும் மகிழ்வுக்கு அழுத்தத்தை நகர்த்துவதாகும். அந்நகர்வு தகுந்ததாகவே இருக்கலாம். ஆனால் அறிந்து செய்யப்பட வேண்டும்.

மலேசியாவில் இளைய தலைமுறையினர் பலர் ஆங்கில வழிபாட்டை நாடும் இந்நாளில் இவ்வாய்வு காலம் கடத்தத்தக்கதன்று. வழிபாட்டு நூல்களை மொழிபெயர்ப்பியல் பாடங்களில் மூலநூல்களாகச் சேர்த்தல் வேண்டும். சொல்லாய்வுக்குப் பயிற்சி பெற்ற தமிழாசிரியர்களே இப்பணிக்கு உரியவர்கள். கோட்பாட்டை இறையியலாளருக்கும் சொல்லைத் தமிழாசிரியருக்கும் எனப் பகுத்துவிட்டால், இரண்டுமே அரைகுறையாக விளங்கும்.