ஒரு நிமிட எண்ணெய்: எது நிலைக்கும், எது நிலைக்காது?

நுண்பாசியை ஒரே நிமிடத்தில் எண்ணெயாக மாற்றிவிட்டதாக 2012-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் அறிவித்தது. வேதிப்பொறியாளர் பிலிப் சாவேஜின் ஆய்வகத்திலிருந்து வந்த செய்தி அது. கடலுயிர்கள் மண்ணுக்கடியில் நெடுங்காலம் வெந்து கச்சா எண்ணெயாவதை ஆய்வகத்தில் விரைவுபடுத்தும் முயற்சி என்பதால், பெட்ரோலுக்கு மாற்று வந்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். இந்த ஆய்வில் வேதியியல் வேறு, எரிபொருள் வாக்குறுதி வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைத்ததால்தான் மதிப்பீடு தடுமாறியது.

முதலில் வேதியியல். அழுத்தத்தில் அடைத்து 300 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கிய நீர், நாம் அறிந்த நீரைப் போல நடந்துகொள்வதில்லை. அறை வெப்பத்தில் ஏறத்தாழ 80 ஆக இருக்கும் அதன் மின்காப்பு மாறிலி 20-க்கு இறங்குகிறது. இது அசிட்டோனின் அளவு. சாதாரண நீரில் கரையாத கரிமப் பொருள்கள் இதில் கரையத் தொடங்கும். நீர் தானாகப் பிரிந்து தரும் அமில, கார அயனிகளும் பல மடங்கு பெருகுவதால், வெளியிலிருந்து அமிலம் சேர்க்காமலே புரதமும் கொழுப்பும் உடைகின்றன. 374 டிகிரியையும் 221 பார் அழுத்தத்தையும் தாண்டினால் நீர்மம், ஆவி என்ற வேறுபாடே மறைந்துவிடும். கரைப்பான், வினைபடுபொருள், வினையூக்கி ஆகிய மூன்று வேலைகளையும் நீரே செய்யக்கூடும் என்ற இந்த அடிப்படை உறுதியானது.

இனி அந்தச் சோதனை. எஃகுக் குழாய் இணைப்பு ஒன்றில் 1.5 மில்லிலிட்டர் ஈரப்பாசியை அடைத்து, இருபுறமும் மூடி, ஏறத்தாழ 600 டிகிரி சூட்டிலிருந்த மணலில் அமிழ்த்தினார்கள். ஒரு நிமிடத்தில் வெளியே எடுத்தபோது உள்ளே வெப்பம் 290 டிகிரியைத்தான் எட்டியிருக்கும். பாசியில் சுமார் 65 விழுக்காடு எண்ணெயானது. இதே குழு முன்பு பத்து முதல் நாற்பது நிமிடம் வேகவைத்துப் பெற்றது பாதிதான். நேரம் குறைந்தால் உலையும் சிறிதாகும். அந்த வகையில் இது உண்மையான முன்னேற்றம்.

ஈரத்தோடு வேலை செய்வதும் பெரிய ஆதாயம். ஒரு கிலோ நீரை ஆவியாக்கி விரட்ட சுமார் 2,570 கிலோஜூல் வேண்டும். ஆவியாக விடாமல் 300 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 1,240 போதும். அந்த வெப்பத்திலும் பெரும்பகுதியை மீட்டு, அடுத்து வரும் பாசிக் கூழுக்கு ஏற்றலாம்.

வாக்குறுதி தளர்வது இதற்கு அப்பால்தான். விரல் பருமனுள்ள குழாய் நொடிகளில் சூடாகும். டன் கணக்கில் வரும் கூழ் அப்படிச் சூடாகாது. பாசியின் ஆற்றலில் 90 விழுக்காடு எண்ணெயில் தங்கியது என்று சொல்லப்பட்ட கணக்கில் மணலைச் சூடாக்கிய செலவும், பாசியை வளர்த்து வடித்த செலவும் இல்லை. எண்ணெய் எவ்வளவு என்று சொல்லும் எடைக்கணக்கு அதன் தரத்தைச் சொல்லாது. பாசியின் புரதம் எண்ணெய்க்குள் நைட்ரஜனைக் கொண்டுவருகிறது. நிலத்தடிக் கச்சா எண்ணெயில் அது பொதுவாக ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. இதில் பல மடங்கு. ஹைட்ரஜன் செலவழித்து அதை நீக்காவிட்டால் சுத்திகரிப்பு ஆலையின் வினையூக்கிகள் கெடும். எரித்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் வரும். எண்ணெயைப் பிரித்த பின் எஞ்சும் நீரில் கரிமமும் ஊட்டச்சத்தும் ஏராளம். அந்நீரை மீண்டும் பயன்படுத்தாவிட்டால் பொருளாதாரமும் நிற்காது, சுற்றுச்சூழலும் தாங்காது.

சாவேஜின் பங்களிப்பில் எனக்கு முதன்மையாகப் படுவது, தலைப்புச் செய்தியாகாத வேறொன்று. எந்த வெப்பத்தில், எத்தனை நிமிடத்தில், பாசி எந்த வழியாக எண்ணெயாகவும் நீரில் கரைபொருளாகவும் வாயுவாகவும் பிரிகிறது என்று வினைவேகங்களை அளந்து, அவர் குழு மாதிரிகள் அமைத்தது. மிகைநேரம் வேகவைத்தால் உருவான எண்ணெயே மறுபடி சிதையும் என்பதை அந்தக் கணக்கு காட்டுகிறது. ஆலை வடிவமைப்பவருக்கு 65 என்ற ஒற்றை எண்ணைவிட இதுவே பயன்படும். பாசி கைவிடப்பட்டாலும் இந்த முறை செல்லும்.

ஆகவே என் முடிவு இது. மலிவான பாசிப் பெட்ரோல் என்ற வாக்குறுதியை இந்த ஆய்வு மெய்ப்பிக்கவில்லை. மெய்ப்பித்ததாகக் கொண்டாடியது தவறு. வெந்நீர் வேதியியலை ஊகத்திலிருந்து கணக்குக்குக் கொண்டுவந்ததில் அது முழு வெற்றி. அந்தக் கணக்கைச் செலவிட வேண்டிய இடம் கழிவுநீர்ச் சேறும் உணவுக் கழிவும். அவற்றை வளர்க்கச் செலவில்லை, அகற்றத்தான் செலவு. ஈரமும் அங்கே தடையில்லை. நைட்ரஜனும் எஞ்சும் நீரும் அங்கும் தொல்லை தரும் என்றாலும், மூலப்பொருளின் விலை என்ற பெருஞ்சுமை இறங்கிவிடுகிறது. ஆய்வுப் பணம் முதலில் அங்கேதான் போக வேண்டும்.