சிறப்பிதழும் உப்பிலாக் கீரையும்

மரக்காணத்து உப்பளங்களை அடுத்த எக்கியார்குப்பத்துக்கு இங்கிலாந்து ராக் இசை ஏடு எதற்கு என்று கேட்பர் சிலர். காரணம் உண்டு, தோழர்களே! சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்பர் அறிஞர். உப்பு விளையும் ஊர் வழியே பாணனைப் போகச் சொல்லும் அந்நூலிலேதான், இசைவாணர் வீட்டுக் கிணைமகள் கீரையை உப்பின்றி அவித்து, ஊரார் காணாதபடி கதவடைத்து உண்கிறாள். யாழைப் புகழ்ந்தோர் பலர். அடுப்பைப் பார்த்தோர் யார்?

‘கிளாசிக் ராக்’ ஏட்டின் கிளையாக 2009இல் தோன்றிய ‘ப்ராக்’, முற்போக்கு ராக் இசைக்கென்றே வரும் ஏடு. (பெயர் கண்டு நம்மவர் மகிழ வேண்டாம், அது இசையமைப்பைப் பற்றிய முற்போக்கு.) இதன் சிறப்பிதழ்களைப் பொன்போல் போற்றுகின்றனர் ரசிகர்கள். 1972இல் ஜெனிசிஸ் குழு வெளியிட்ட ‘ஃபாக்ஸ்ட்ராட்’ இசைத்தட்டில் 23 நிமிடம் நீளும் பாடலைச் சிலாகிப்போர், குடியிருப்போரை விரட்டும் முதலாளியைச் சாடிய பாட்டும் அதே தட்டில் உண்டென்பதையும் எண்ணினால் நன்று.

ஆயினும் அந்த ஆர்வம் வெறும் ஆராதனையன்று. 2016 டிசம்பரில் ஏட்டை நடத்திய டீம்ராக் நொடித்தது. 73 பேர் வேலையிழந்தனர். ஆரஞ்சு காப்லின் குழுப் பாடகர் பென் வார்டு நிதி திரட்ட, பல்லாயிரம் பவுன் குவித்தனர் ரசிகர்கள். எழுதியவன், அச்சுக் கோலம் அமைத்தவள் வீட்டு அடுப்புக்காக! இங்கோ நடிகரின் கட்டவுட்டிலே வழிகிறது பால்.

மறுமாதம் ஃபியூச்சர் நிறுவனம் ஏட்டை விலைக்கு வாங்கியது. ‘ப்ராக்’ தொடர்ந்து வெளிவந்தது.