ஆன்கி: பச்சை எண்ணைக் கண்டு ஓடாமலிருக்க

ஆன்கியைத் திறந்ததும் ஒவ்வொரு டெக்கின் (கார்டுக் கட்டின்) பெயருக்கும் எதிரே மூன்று எண்கள் நிற்கும். நீலம் புதிய கார்டுகள். சிவப்பு, இன்னும் மண்டையில் ஏறாமல் போக்குக் காட்டுபவை. பச்சை, இன்று திருப்பிப் பார்க்க வேண்டியவை. இன்றைக்குப் படிப்பு நடக்குமா, 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று மூடிவிடுவோமா என்பது பெரும்பாலும் அந்தப் பச்சை எண்ணின் கையில்தான் இருக்கிறது. 40 என்று காட்டினால் டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்துவிடுவோம். 640 என்றால் மவுஸ் தானாக யூடியூப் பக்கம் போகும். வேலையைத் தள்ளிப்போடும் ஆசாமியை இந்த மென்பொருள் எப்படி நடத்துகிறது? இந்த விமர்சனத்தில் எனக்கு இருக்கும் ஒரே கேள்வி அதுதான்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஆன்கி, டேமியன் எல்ம்ஸ் 2006இல் வெளியிட்ட ஃபிளாஷ் கார்டு மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசம். கேள்வி வரும், மனதுக்குள் பதில் சொல்லிவிட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் விடை தெரியும், எவ்வளவு நினைவிருந்தது என்பதற்கேற்ப 'அகெய்ன்', 'ஹார்ட்', 'குட்', 'ஈஸி' என்ற நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். நன்றாகத் தெரிந்த கார்டு பல வாரம் கழித்து வரும், தெரியாதது சில நிமிடத்தில் திரும்ப வரும். மறதிக்கு ஒரு கணக்கு உண்டு என்று ஜெர்மனியின் எப்பிங்ஹாஸ் 1885இலேயே எழுதிவிட்டார். அதைக் கணினிக்குக் கொண்டுவந்தவர் போலந்தின் பியோத்தர் வோஸ்னியாக். 1987இல் அவர் உருவாக்கிய எஸ்எம்-2 என்ற கணக்கைத்தான் ஆன்கி பல ஆண்டுகள் கொஞ்சம் மாற்றி ஓட்டியது. 2023இல் வந்த 23.10 பதிப்பில் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்கும் சேர்ந்தது. அது நம் பழைய பதில்களைப் பார்த்து, நம்முடைய மறதியின் வேகத்துக்கேற்ப இடைவெளியை அமைக்கிறது.

அரசமைப்புச் சட்டத்துக்கு ஒரு டெக், ஜெர்மன் சொற்களுக்கு ஒரு டெக் என்று வைத்து, ஒரு பழைய லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன். மென்பொருள் கனமில்லை, திக்கவும் இல்லை. தமிழ் எழுத்து உடையாமல் வருகிறது. கார்டின் வடிவமைப்புப் பகுதிக்குப் போய் எழுத்தளவை மட்டும் கூட்டிக்கொண்டேன்.

இனி வில்லங்கத்துக்கு வருவோம். நிறுவியவுடன் ஆன்கி ஒரு நாளைக்கு 20 புதிய கார்டுகள் தரும். முதல் வாரம் இது ரொம்பக் குறைவாகத் தெரியும், இன்னும் கூட்டலாமா என்று கை பரபரக்கும். ஆனால் தினமும் 20 புதிய கார்டுகள் விடாமல் படித்தால், திருப்பிப் பார்க்க வேண்டியவை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 வரை போகும் என்று ஆன்கியின் கையேடே எச்சரிக்கிறது. ஒரு கார்டுக்கு 10 விநாடி என்றாலும் அரை மணி நேரத்துக்கு மேல். சட்டப் பிரிவுகளைப் 10 விநாடியில் தாண்ட முடியாது என்பது படித்தவர்களுக்குத் தெரியும். இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் பச்சை எண் மூன்று மடங்கு. கல்லூரியில் அரியர் சேர்வதுபோலத்தான் இது. ஒன்று இருக்கும்போது எழுதிவிடலாம் என்று தோன்றும். ஐந்தாகிவிட்டால் ஹால் டிக்கெட் வாங்கக்கூடப் போக மாட்டோம்.

ஆகவே என் முதல் பரிந்துரை, டெக் ஆப்ஷன்ஸுக்குப் போய் அந்த 20ஐ 5 ஆக்குங்கள். இதில் கௌரவம் பார்க்க வேண்டாம். தினமும் 5 என்றாலே ஆண்டுக்கு 1,800க்கு மேல் வந்துவிடும்.

ஏற்கெனவே நிலுவை மலையாகிவிட்டவர்களுக்கு ஆன்கியில் ஒரு நல்ல குணம் இருக்கிறது, அது வெளியே தெரிவதில்லை. ஒரு கார்டை 10 நாள் தாமதமாகப் பார்த்தும் சரியாகச் சொல்லிவிட்டால், அந்தத் தாமதத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அடுத்த இடைவெளியை நீட்டிவிடும். தாமதத்துக்குத் தண்டனை கிடையாது. எனவே அத்தனையையும் ஒரே ராத்திரியில் முடித்தாக வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஒரு நாளில் திருப்பிப் பார்ப்பவற்றின் உச்ச வரம்பை 50 என்று வைத்துவிடுங்கள். பச்சை எண்ணும் 50ஐத் தாண்டாது. இன்னொன்று, அந்த வரம்பு நிரம்பிவிட்டால் புதிய கார்டுகள் தாமாகவே நின்றுவிடும். பழைய பாக்கி தீரும்வரை புதிய சுமை ஏறாது. எனக்கு இந்த மென்பொருளில் மிகவும் பிடித்த வசதி இதுதான். ஆனால் திறந்தவுடன் இதை எங்கேயும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். டெக் ஆப்ஷன்ஸ் பக்கத்தைப் பார்த்தால் மின்வாரிய மீட்டர் பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கும்.

எண்ணிக்கையைச் சரிசெய்த பிறகும் சில டெக்குகளைத் திறக்க மனசு வராது. அங்கே பிரச்சினை கார்டை எழுதிய விதம். 'அடிப்படை உரிமைகள் யாவை?' என்று ஒரு கார்டு. பின்பக்கம் பகுதி III, பிரிவு 12 முதல் 35 வரை அத்தனையும். இந்தக் கார்டு வரும்போதெல்லாம் பாதி ஞாபகம் வரும், மீதி வராது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்றே தெரியாது. இரண்டு தடவை இப்படி வந்தால் போதும், மூன்றாவது நாள் டெக்கையே திறக்க மாட்டோம். அதையே உடைத்துப் பாருங்கள். 'தீண்டாமை ஒழிப்பு எந்தப் பிரிவு?' 17. '21ஏ பிரிவு எந்த வயதுப் பிள்ளைகளுக்கான கல்வி உரிமை?' 6 முதல் 14. 'அதைச் சேர்த்த திருத்தம்?' 86, ஆண்டு 2002. 'சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்த திருத்தம்?' 44, ஆண்டு 1978. ஒவ்வொன்றும் தெரியும் அல்லது தெரியாது, நடுவில் இழுபறி இல்லை. கார்டுகளின் எண்ணிக்கை கூடும், ஆனால் ஒரு கார்டுக்கு ஆகும் நேரமும் எரிச்சலும் பாதிக்கு மேல் குறைந்துவிடும். 8 முறை மறந்த கார்டுக்கு ஆன்கியே 'லீச்' என்று குறி வைக்கும். அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு நேரத்தை உறிஞ்சுபவை அவை. அவற்றைத் திருத்தி எழுதுங்கள், இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள்.

ஒரு பொத்தானைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதில் மறந்துபோன கார்டுக்கு 'அகெய்ன்' அழுத்த மனமில்லாமல், மானத்தைக் காப்பாற்ற 'ஹார்ட்' அழுத்துபவர்கள் நிறைய. 'ஹார்ட்' என்றால் கஷ்டப்பட்டாவது ஞாபகம் வந்தது என்றுதான் எஃப்எஸ்ஆர்எஸ் எடுத்துக்கொள்ளும். தொடர்ந்து இப்படிச் செய்தால் அதன் கணக்கு முழுவதும் கோணலாகும். டெக் ஆப்ஷன்ஸ் பக்கத்தில், எத்தனை சதவீதம் நினைவிருக்க வேண்டும் என்ற இலக்கும் உண்டு. வழக்கமாக அது 90. ஆசைப்பட்டு 97க்கு ஏற்றினால் வேலை பல மடங்காகும். எனக்கு 85 போதுமானதாக இருக்கிறது. பச்சை எண் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

கணினியில் படிப்பதில் ஒரு லாபம், ஒரு நஷ்டம். ஸ்பேஸ் பாரும் 1 முதல் 4 வரையிலான எண்களும் போதும். கை விசைப்பலகையை விட்டு நகர வேண்டாம், தாளம் பிடித்துவிட்டால் போனைவிட வேகமாக ஓடும். நஷ்டம், ஆல்ட்-டேப் தூரத்தில் உலகமே இருக்கிறது. இதற்கு ஆன்கியில் டைம்பாக்ஸ் என்று ஒன்று உண்டு, பிரிஃபரன்ஸஸுக்குள் ஒளிந்திருக்கிறது. அதில் 5 நிமிடம் என்று வைத்தால், 5 நிமிடம் ஆனதும் நிறுத்தி, இத்தனை கார்டு பார்த்தீர்கள், தொடரலாமா என்று கேட்கும். 'டெக்கை முடிக்க வேண்டும்' என்று நினைத்தால் உட்காரவே வராது. 'அஞ்சு நிமிஷம்தானே' என்றால் உட்கார்ந்துவிடலாம். மணி அடித்த பிறகு எழுந்திருப்பதும் தொடர்வதும் உங்கள் இஷ்டம். நான் பெரும்பாலும் தொடர்ந்துவிடுவேன்.

கார்டைத் தானாகத் திருப்பும் 'ஆட்டோ அட்வான்ஸ்' எனக்கு ஒத்துவரவில்லை. யோசிக்கவிடாமல் விரட்டுகிறது. தினசரிப் படிப்பை நாட்காட்டிக் கட்டங்களாகக் காட்டும் 'ரிவ்யூ ஹீட்மேப்' ஆட்-ஆன் சிலரை உற்சாகப்படுத்தும். ஒரு கட்டம் விட்டுப்போனால் சோர்ந்துவிடும் ரகமாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பொதுவாகவே ஆட்-ஆன் தேடுவது, பின்னணி நிறம் மாற்றுவது, செட்டிங்ஸைத் தடவிக்கொண்டே இருப்பது இவையெல்லாம் படிப்பதுபோலவே தோற்றம் தரும் தள்ளிப்போடல். ஆன்கி அதற்குக் கணக்கில்லாமல் வாய்ப்புத் தருகிறது, அது அதன் குறைதான்.

ஆண்ட்ராய்டில் ஆன்கிட்ராய்டு இலவசம், ஐபோன் செயலிக்கு 24.99 டாலர். கணினியில் வேலை செய்பவர்களுக்கு அந்தச் செலவு தேவைப்படாது. ஆன்கிவெப் கணக்கு ஒன்று தொடங்கினால் உலாவியிலும் பார்க்கலாம்.

ஆறு மாதமோ ஒரு வருடமோ கையில் இருப்பவர்கள் இன்றே 5 புதிய கார்டுகளோடு தொடங்கலாம். பரீட்சைக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது என்பவர்கள் இப்போது நிறுவ வேண்டாம். இடைவெளி விட்டுப் படிக்க அவர்களிடம் இடைவெளியே இல்லை. கார்டு எழுதும் நேரத்தில் பழைய வினாத்தாள் நான்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.