முழங்கால் மாற்றிய பின் வரும் ஆறு கிழமை

முழங்கால் மூட்டு மாற்றும் சத்திரசிகிச்சை ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடுகிறது. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நடந்தாலும், திருச்சியிலோ கோயம்புத்தூரிலோ நடந்தாலும் வேலை ஒன்றுதான். தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி எடுத்துவிட்டு உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் பொருத்துகிறார்கள். முதுகில் போடும், மரத்துப்போகச் செய்யும் ஊசியிலும் வித்தியாசமில்லை. இலங்கையும் தமிழ்நாடும் பிரிவது அதற்குப் பிறகுதான். வலியைத் தணிப்பது யார், அந்தக் காலை மடக்கி நீட்ட வைப்பது யார் என்று கேட்டால் இரண்டு இடத்திலும் இரண்டு விடை. யாழ்ப்பாணம் கொக்குவிலில் மாமிக்கும் திருச்சியில் பெரியம்மாவுக்கும் பக்கத்தில் இருந்து பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

வெட்டிய இடம் ஆறும்போதே உள்ளே வடு வளர்கிறது. முதல் ஆறு கிழமையில் கால் அசையாமல் கிடந்தால் அந்த வடு மூட்டை இறுக்கிவிடும். பிறகு மயக்கம் கொடுத்து வலிந்து மடக்க வேண்டி வரலாம். சமதரையில் நடக்க ஏறக்குறைய 70 பாகை மடங்கினால் போதும். படியேற 90 வேண்டும். தாழ்ந்த கதிரையிலிருந்து சிரமமில்லாமல் எழும்ப 100 தாண்ட வேண்டும். இதெல்லாம் பயிற்சியால் வருவது. பயிற்சி நோகும். நோவைத் தணிக்காவிட்டால் யாரும் பயிற்சி செய்யமாட்டார்கள். வலி மாத்திரை என்றால் இரவில் நித்திரை கொள்வதற்கு என்றுதான் எங்கள் வீடுகளில் நினைக்கிறார்கள். அதைப் பயிற்சிக்கு அரை மணித்தியாலம் முன்பு விழுங்கினால் இன்னும் கூடுதலாக மடக்கலாம். இந்த ஒரு விஷயத்தை யாராவது பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

மாமி இருந்தது அரசாங்க வாட்டில். பார்வையாளர் நேரம் மத்தியானம் ஒருதரம், பின்னேரம் ஒருதரம். மற்றப் பொழுதெல்லாம் அவரும் பக்கத்துக் கட்டில்காரரும் தாதிமாரும்தான். நேரத்துக்கு நேரம் பனடோல் வந்தது. அதைவிடப் பலமான ஊசி, 'தேவைப்பட்டால்' என்று வைத்தியர் எழுதிவைத்த மருந்து. அது கேட்பவருக்குத்தான் கிடைக்கும். மாமி கேட்கிற ஆளில்லை. "நோகுதோ மாமி?" என்றால் "ஓம் பிள்ளை, ஆனா பொறுக்கலாம்" என்பார். முப்பது கட்டிலைப் பார்க்கிற தாதி, பொறுக்கலாம் என்று சொன்னவரைக் கடந்து அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அதில் தாதியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திருச்சியில் பெரியம்மாவின் அறையில் எப்போதும் இரண்டு பேராவது இருந்தார்கள். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் நர்ஸ் வந்து, வலி பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். தொடைப் பக்க நரம்பை மரக்கச்செய்யும் ஊசியும் போட்டிருந்தார்கள். பெரியம்மா முகம் சுளித்தாலே மகள் எழுந்து நர்ஸைக் கூப்பிடப் போவாள். வலி குறைவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டாம் நாள் பிசியோதெரபிஸ்ட் வாக்கரோடு வந்தபோது அதே மகள், "பாவம் சார், இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்களேன்" என்றாள். பெட்பேன் கொடுக்க ஆள் இருந்ததால் பெரியம்மா கட்டிலை விட்டு இறங்கத் தேவையில்லாமல் போயிற்று. கொக்குவில் மாமிக்கு அந்த வசதி இல்லை. இயன்மருத்துவர் காட்டிக்கொடுத்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாம் நாளே வாக்கரில் கழிப்பறைவரை போய்வந்தார். தனியாகக் கிடந்தவர் அதிகம் நொந்தார், அதிகம் நடந்தார். உறவு சூழ இருந்தவர் இரண்டிலும் குறைவு. ஒருவருக்காகக் கேட்பதும் ஒருவரை எழுப்பி விடுவதும் வேறு வேறு உதவி என்பதை நான் அங்கேதான் விளங்கிக்கொண்டேன்.

பணக் கதையை நீட்ட விரும்பவில்லை. இந்தியாவில் 2017 ஆகஸ்டில் முழங்கால் மூட்டு உபகரணத்துக்கு அரசு உச்சவிலை வைத்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபாய்க்கு இறங்கியது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் வேறு கைகொடுக்கிறது. இலங்கை அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை, காத்திருப்புத்தான் கட்டணம். 2022 மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்தில்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தபோது, அந்த வரிசையில் நின்ற முழங்கால்காரர்கள் இன்னும் பின்னே தள்ளப்பட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு ஊரிலும் ஒரே பிழை நடக்கிறது. முழங்காலுக்குக் கீழே தலையணை. வைத்தவுடன் நோவு குறையும், அதனால் வைத்துவிடுகிறார்கள். கால் மெல்ல வளைந்த நிலையிலேயே இறுகத் தொடங்கும். நேராக நீட்ட முடியாத கால், மடக்க முடியாத காலைவிடக் கூடத் தொல்லை தரும், ஒவ்வோர் அடியிலும் நொண்ட வைக்கும். மாமி வீட்டுக்கு ஒருநாள் வந்த இயன்மருத்துவ மாணவி தலையணையை இழுத்து எடுத்தாள். ஒரு துவாயைச் சுருட்டிக் குதிக்காலுக்குக் கீழே வைத்தாள். முழங்கால் அந்தரத்தில் நின்றது. "இப்ப முழங்கால் சில்லைக் கட்டிலை நோக்கி அமத்துங்கோ, அஞ்சு எண்ணுமட்டும்" என்றாள். தொடைத் தசை இழுத்துக்கொண்டது தெரிந்தது. பிறகு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கால்மணித்தியாலம் வைத்தாள். இவ்வளவுதான் சாமான்: ஒரு துவாய், கொஞ்சம் ஐஸ், காட்டித்தர ஒரு ஆள்.

மருந்துக்கடைப் பழக்கம் எனக்குப் பயம் தருகிறது. சீட்டு முடிந்ததும் அதிலிருந்த டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையைக் கவுண்டரில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள், பெரும்பாலும் நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள அறுபது வயதுக்காரர்கள். சிறுநீரகம் தாங்காது. அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கமும் ஆந்திராவின் உத்தானம் பக்கமும் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் ஊர் ஊராக இருக்கிறது. அங்கே இந்த மாத்திரையை இரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடவே கூடாது. டிராமடோல் என்ற பலமான வலி மருந்தை இந்தியா 2018இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. வயதானவரைத் தலைசுற்றி விழுத்தக்கூடிய மருந்து அது, கட்டுப்பாடு நல்லதே. பனடோலையோ, இந்தியாவில் டோலோவையோ, வைத்தியர் சொன்ன அளவில் நேரம் தவறாமல் எடுப்பதைப் பலர் அற்பமாக நினைக்கிறார்கள். அடித்தளம் அதுதான், மற்றவை அதன் மேலே வருபவை.

எண்ணெய் விஷயத்திலும் இரு கரையும் ஒற்றுமை. இங்கே சித்தாலேபவும் முறிவு நெரிவு வைத்தியரும், அங்கே புத்தூர்க் கட்டும் வர்ம எண்ணெயும். தசைப்பிடிப்புக்கு அவை தரும் ஆறுதலை நான் மறுக்கவில்லை. ஆனால் தையல் பிரித்துக் காயம் முழுதாய் மூடுமுன் எண்ணெய் போட்டு உருவினால் கிருமி உள்ளே போக வழி செய்கிறோம். உலோகத்தில் கிருமி தங்கினால் திரும்பவும் வெட்ட வேண்டியதுதான். கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ, காய்ச்சலோடு காயம் கசிந்தாலோ, அந்த வலிக்கு மாத்திரையும் எண்ணெயும் தேடக்கூடாது. நேரே ஆஸ்பத்திரி.

ஆறு கிழமைப் பயிற்சிக்கு யார் வருவது? இந்தியாவின் ஆயுஷ்மான் பாரத் விதிப்படி வீடு திரும்பிய பின் 15 நாள் செலவுதான் காப்பீட்டுக்குள் வரும். பெரியம்மாவுக்கு வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்டுக்கு ஒவ்வொரு வருகைக்கும் மகன் பணம் கொடுத்தார். கொடுக்க முடியாத வீட்டில் பயிற்சி நின்றுவிடும். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு நல்ல கதவு திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பக்கவாதக்காரரையும் படுக்கையில் கிடப்பவரையும் தேடி இயன்முறை மருத்துவரை வீட்டுக்கே அனுப்புகிறது. முழங்கால் மாற்றியவரையும் டிஸ்சார்ஜ் நாளிலேயே அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டால் காப்பீடு விட்ட இடைவெளி அடைபடும்.

இலங்கையில் இயன்மருத்துவம் இலவசம், ஆனால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நெடுந்தீவில் இருப்பவர் படகேறி, பஸ் ஏறி, மடங்காத காலோடு யாழ்ப்பாணம் வருவாரா? ஒருதரம் வருவார், இரண்டாம் தரம் வரமாட்டார். இதைச் சொல்லும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது, ஏனென்றால் வீடு தேடிப் போவதில் இந்த நாடு முன்னோடி. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து, பிள்ளை பெற்ற வீட்டுக்குக் குடும்பநல மாது வந்துகொண்டிருக்கிறார், போருக்குள்ளும் வந்தார். அவர் தலையில் இன்னொரு சுமையை ஏற்றச் சொல்லவில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஒவ்வொன்றுக்கும் ஓர் இயன்மருத்துவரையும் ஒரு மோட்டார் சைக்கிளையும் கொடுத்து, முழங்கால் மாற்றியவர் வீட்டுக்குக் கிழமைக்கு இரண்டு தரம், ஆறு கிழமைக்கு அனுப்பலாம். வடக்கிலும் கிழக்கிலும் தீவுப்பகுதிகளில் இருந்து தொடங்கட்டும்.