ஒரே வயிற்றுப் பிள்ளைகள்

புருண்டியின் தெற்கே, புரூரிப் பகுதியில் இருக்கிறது பூட்டா இளங்குருமடம். 1997 ஏப்ரல் 30 அதிகாலையில் ஆயுதக் குழுவொன்று அதன் மாணவர் விடுதிக்குள் நுழைந்தது. ஹூட்டுக்கள் ஒரு பக்கமும் டூட்சிகள் ஒரு பக்கமும் பிரிந்து நிற்கும்படி உத்தரவிட்டது. மாணவர்கள் பிரியவில்லை. துப்பாக்கிக்கும் கையெறி குண்டுக்கும் 40 பேர் பலியானார்கள். வந்தவர்கள் ஹூட்டுக் கிளர்ச்சியாளர்கள். ஹூட்டு மாணவர்கள் மட்டும் விலகி நின்றிருந்தால் தங்கள் உயிரையாவது காப்பாற்றிக்கொண்டிருக்கலாம்.

கத்தோலிக்கத் திருச்சபை இவர்களைச் 'சகோதரத்துவத்தின் மறைசாட்சிகள்' என்று போற்றுகிறது. இவர்களுக்குப் புனிதர் நிலை கோரும் பணி 2019இல் தொடங்கியது. அன்று குருமட அதிபராக இருந்த சக்கரி புகுரு இவர்களைப் பற்றி நூலும் எழுதியிருக்கிறார். எனக்கு இந்த மாணவர்களின் துணிவில் எந்தச் சந்தேகமும் இல்லை. அந்தத் துணிவு சொல்லப்படும் விதத்தைப் பற்றித்தான் கேள்விகள் இருக்கின்றன.

முதல் கேள்வி காலம் பற்றியது. கதை எப்போதும் அந்த ஒரு விடியலில் போய் நிற்கிறது. 1993 அக்டோபரில் ஜனாதிபதி மெல்கியோர் இண்டடாயே கொல்லப்பட்டபோது நாடு முழுவதும் வெட்டும் கொலையும் பரவின. பூட்டாவுக்கு வந்த பிள்ளைகள் அந்த வீடுகளிலிருந்துதான் வந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் படுப்பவனின் இனம் தன் உறவுகளைக் கொன்ற இனம் என்பதை அறிந்தே படுத்தார்கள். அதிபர் அந்த வெறுப்பை மூடி வைக்கவில்லை. இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசச் செய்தார். ஆட்டம், பாட்டு, விளையாட்டு, செபம் எல்லாவற்றிலும் கலந்தே இருக்கச் செய்தார். இப்படி மூன்றரை ஆண்டுகள். விடியலில் பிரியாமல் நின்ற கால்கள் இந்த ஆண்டுகளில்தான் வலுப்பெற்றன. மறைசாட்சியத்தை மட்டும் கொண்டாடும்போது இந்த அன்றாட உழைப்பு ஒரு முன்னுரையாகச் சுருங்கிவிடுகிறது. ஒப்புரவுக்குச் சாவுதான் சான்று என்றால், உயிரோடு சேர்ந்து வாழ்பவர்களை எதைக் கொண்டு மதிப்பது?

இரண்டாவது கேள்வி 'சகோதரத்துவம்' என்ற சொல் பற்றியது. புருண்டியில் ஹூட்டுவும் டூட்சியும் பேசுவது கிருண்டி என்ற ஒரே மொழி. ஒரே மலைச்சரிவுகளில் வாழ்கிறார்கள், ஒரே கோவிலுக்குப் போகிறார்கள். கலப்பு மணங்களும் அரிதல்ல. ஆனால் இனம் தந்தை வழியாகவே எண்ணப்படுகிறது. ஹூட்டுத் தந்தைக்கும் டூட்சித் தாய்க்கும் பிறந்த பிள்ளை ஹூட்டு. மாறிப் பிறந்தால் டூட்சி. தாயின் பங்கு கணக்கில் வருவதே இல்லை. 'பிரிந்து நில்லுங்கள்' என்ற உத்தரவு இந்தக் கணக்கை நம்பித்தான் பிறப்பிக்கப்படுகிறது. தாயையும் சேர்த்து எண்ணினால் அந்தக் கோடு பல பிள்ளைகளின் உடம்புக்குள்ளேயே போகும். எந்தப் பக்கம் நிற்பது?

தமிழில் நாம் சாதாரணமாகப் புழங்கும் 'சகோதரம்' என்ற சொல்லுக்குள் உதரம் இருக்கிறது. உதரம் என்றால் வயிறு. ஒரே வயிற்றில் பிறந்தவர் என்பதே பொருள். வயிற்றிலிருந்து பிறந்த சொல், ஆண்கள் ஆண்களுக்குச் செய்துகொள்ளும் சத்தியமாக மாறிவிட்டது. குருமடம் ஒரு தந்தையின் கீழ் பையன்கள் மட்டும் வாழும் வீடு. அங்கே கட்டப்படும் ஒற்றுமை, இனத்தை உண்டாக்கிய தந்தைவழிக் கணக்கைத் தொடாமலே அன்பை மட்டும் போதிக்க முடியும். என் விமர்சனம் இங்கேதான்.

இந்த உழைப்பைப் பெண் செய்தபோது அதற்கு என்ன பெயர் கிடைத்தது என்றும் பார்க்கலாம். மார்கரித் பராங்கிட்சே டூட்சிப் பெண். 1993 அக்டோபர் 24 அன்று ருயிகி ஆயர் இல்லத்தில் ஹூட்டுக்களை மறைத்து வைத்திருந்தார். டூட்சிக் கும்பல் அவரைக் கட்டிப்போட்டு, அவர் கண்ணெதிரே 72 பேரைக் கொன்றது. பிழைத்த 25 குழந்தைகளோடு அவர் தொடங்கியதுதான் 'மெசோன் ஷாலோம்'. இரு இனத்துப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக வளர்ந்தார்கள். அதற்கு முன்பே இரு இனத்துப் பிள்ளைகளையும் தத்தெடுத்திருந்தவர் அவர். 2015இல் அரசை எதிர்த்ததால் நாட்டை விட்டு ருவாண்டாவுக்குப் போக நேர்ந்தது. உலகம் அவரைப் 'புருண்டியின் வானதூதர்' என்கிறது. குருமடத்தில் நடந்தால் அது உருவாக்கம், இறையியல். பெண் செய்தால் தாய்மை, இயல்பு. வானதூதர் என்று அழைத்துவிட்டால், அவருடைய சிந்தனையைப் பாடமாக வைக்க வேண்டிய கடமை தீர்ந்துபோகிறது.

பூட்டாவுக்கு ஆறு வாரம் முன்பு, 1997 மார்ச் 18 அன்று, ருவாண்டாவின் நியாங்கே மேல்நிலைப் பள்ளியில் இதே உத்தரவு பிறந்தது. அங்கே வகுப்பறைகளில் மாணவிகளும் இருந்தார்கள். அவர்களும் பிரிய மறுத்தார்கள், உயிரையும் கொடுத்தார்கள். அந்த மறுப்பைச் சகோதரர்களின் மறுப்பு என்று மட்டும் சொல்ல முடியாது.

பல இன மாணவர்களை ஒரே குருமடத்தில் சேர்த்து வாழவைக்க நினைப்பவர்கள், ஒன்றாக உண்பதோடும் செபிப்பதோடும் நிறுத்திக்கொள்ளக் கூடாது. பராங்கிட்சே போன்ற பெண்களை வகுப்பறையில் ஆசிரியராக அமர்த்த வேண்டும். மாணவன் தன் வம்சத்தைச் சொல்லும்போது தாயின் ஊரையும் தாயின் உறவையும் சேர்த்துச் சொல்லப் பழக வேண்டும். அப்போது அவன் தனக்குள்ளேயே இருக்கும் மற்றவரைச் சந்திப்பான். பிரிந்து நிற்கச் சொல்லி ஒருவன் துப்பாக்கியோடு வரும் நாளுக்கு முன்பே அந்தச் சந்திப்பு நடந்திருக்க வேண்டும்.