மாற்றி எழுதுக

ஆங்கில இலக்கணத்தில் டைரக்ட் ஸ்பீச்சை ரிப்போர்ட்டட் ஸ்பீச்சாக மாற்றும் பயிற்சிக்கு இப்போது புதிய செல்வாக்கு வந்திருக்கிறது. போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்களும் காணொளிகளும் ‘எஸ்.ஓ.என்.’ சூத்திரத்தை ஊரெங்கும் பரப்பிவிட்டன. தன்மைப் பெயர் வந்தால் சப்ஜெக்டைப் பார், முன்னிலை வந்தால் ஆப்ஜெக்டைப் பார், படர்க்கை வந்தால் நோ சேஞ்ச். ஆசிரியர்கள் பலரும் இதை மனமார ஆதரிக்கிறார்கள். இலக்கணத்திலேயே கணக்குப்போலத் துல்லியமான பகுதி இதுதான், சுமாராகப் படிக்கும் பிள்ளைகூட இதில் மதிப்பெண்ணை விடாது, தர்க்க அறிவும் வளர்கிறது என்கிறார்கள். இந்த வாதம் அடிப்படையிலேயே தவறு என்பது என் நெடுநாள் கருத்து. கணக்குப்போல ஆக்கியதுதான் இந்தப் பகுதிக்கு நேர்ந்த கேடு.

பயிற்சியால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. மூவிடப்பெயரும் வினையும் ஒன்றோடொன்று இசைந்து நிற்க வேண்டும் என்ற உணர்வு தொடக்கநிலையில் இதனால் வருகிறது. ‘வேர் ஆர் யூ கோயிங்’ என்ற கேள்வி, இன்னொருவர் வாக்கியத்துக்குள் போகும்போது ‘வேர் ஐ வாஸ் கோயிங்’ என்று சொல்வரிசை மாறுவதைத் தமிழ் மாணவர்கள் தனியாகப் பழகித்தான் ஆக வேண்டும். கூட்டக் குறிப்போ அலுவலக அறிக்கையோ எழுதுபவருக்கும் இது வேண்டும். இவற்றை மறுப்பதற்கில்லை.

ஆனால் வினாத்தாளில் வரும் வாக்கியத்தைப் பாருங்கள். பேசியவர் யார் என்று தெரியாது. ‘ஹி’ என்று மட்டும் இருக்கும். எங்கே பேசினார், எப்போது பேசினார் என்று தெரியாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அதை இப்போது எடுத்துச் சொல்வது யார், யாரிடம், என்றைக்கு என்று தெரியாது. இத்தனையும் தெரியாத நிலையில் ஒரே ஒரு விடை மட்டும் சரி என்று மதிப்பெண் போடுகிறோம். என் எதிர்ப்பு முழுவதும் இங்கேதான் நிற்கிறது.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலர் திங்கட்கிழமை காலையில், ‘தேர் வில் பி நோ வாட்டர் டுமாரோ’ என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று மாலையே பக்கத்து வீட்டாரிடம் நான் அதைச் சொன்னால், நாளைக்குத் தண்ணீர் வராது என்று செயலர் சொன்னார் என்பேன், ஆங்கிலத்திலும் ‘டுமாரோ’தான். செவ்வாய்க்கிழமை காலையில் சொன்னால் ‘டுடே’. புதன்கிழமை, தண்ணீர் இல்லாமல் அவதிப்பட்ட பிறகு சொன்னால் ‘யெஸ்டர்டே’. அடுத்த மாதம் யாரிடமாவது அந்த வாரத்துக் கதையைச் சொல்லும்போதுதான் ‘த நெக்ஸ்ட் டே’ பொருந்தும். நான்கும் சரியான ஆங்கிலம். நம் வகுப்பறை நான்காவதை மட்டும் ஏற்று, மற்ற மூன்றையும் சிவப்பு மையால் அடிக்கிறது. திங்கட்கிழமை மாலையில் ‘த நெக்ஸ்ட் டே’ என்று சொல்லும் மாணவருக்கு முழு மதிப்பெண். பக்கத்து வீட்டுக்காரருக்கோ எந்த நாளில் தண்ணீர் பிடித்து வைப்பது என்று குழப்பம்.

‘ஹியர்’ வந்தால் ‘தேர்’, ‘திஸ்’ வந்தால் ‘தட்’, ‘நவ்’ வந்தால் ‘தென்’ என்று பாடநூல்கள் தரும் பட்டியலும் இப்படிப்பட்டதே. பேசிய இடத்திலேயே நின்றுகொண்டு அந்தப் பேச்சை எடுத்துச் சொல்பவருக்கு ‘ஹியர்’ என்பது ‘ஹியர்’ ஆகவேதான் இருக்கும். இவை சொல்லுக்குச் சொல் மாற்றிப் போடும் இணைகள் அல்ல. எடுத்துரைப்பவர் எங்கே நிற்கிறார் என்பதைக் காட்டும் சொற்கள். நிற்கும் இடத்தை மறைத்துவிட்டு, திசையை மட்டும் எழுது என்று கேட்பது என்ன தேர்வு?

காலமாற்றத்தின் கதை இதைவிட மோசம். ‘செட்’ என்று இருந்தால் உள்ளே இருக்கும் நிகழ்கால வினை கட்டாயம் இறந்தகாலமாக வேண்டும் என்பது மாணவர்கள் மனத்தில் பதிந்த விதி. சூரியன் கிழக்கே உதிப்பது போன்ற பொது உண்மைக்கு மட்டும் விலக்கு. ஆங்கிலம் உண்மையில் அப்படி நடந்துகொள்வதில்லை. ராண்டால்ஃப் குவர்க்கும் உடனாசிரியர்களும் 1985இல் வெளியிட்ட பேரிலக்கண நூல், சொல்லப்பட்ட செய்தி இப்போதும் பொருந்துமானால் நிகழ்காலத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று தெளிவாக விளக்குகிறது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் ஆசிரியர்கள் வேதம்போலக் கொண்டாடும் ரென் அண்ட் மார்ட்டின் நூலின் திருத்திய பதிப்பே, செய்தி இன்னும் பொருந்தும்போது எந்தக் காலத்தை வைப்பது என்பது பெரும்பாலும் நம் விருப்பம் என்கிறது. அந்த விருப்பத்தில் பொருள் வேறுபாடு இருக்கிறது. ‘த டாக்டர் செட் ஹி இஸ் அவுட் ஆஃப் டேஞ்சர்’ என்று சொல்லும் மகள், அப்பா இப்போது பிழைத்துக்கொண்டார் என்ற நம்பிக்கையோடு பேசுகிறாள். ‘ஹி வாஸ் அவுட் ஆஃப் டேஞ்சர்’ என்றால், மருத்துவர் அப்படிச் சொன்னார் என்ற அளவில் நின்றுகொள்கிறாள். அதன் பிறகு என்ன ஆயிற்றோ என்று கேட்பவர் மனம் பதறும். இந்த வேறுபாட்டைச் சொல்லித்தர ஒரு வகுப்பு போதும். நாம் பல ஆண்டுகளாக அதை மறைப்பதற்கே வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படி மாற்றி எழுதும் பழக்கத்தின் வேர் லத்தீன் வகுப்பறையில் இருக்கிறது. ‘ஒராஷியோ ரெக்டா’வை ‘ஒராஷியோ ஒப்ளிக்வா’வாக மாற்றி எழுதுவது இங்கிலாந்துப் பள்ளிகளின் லத்தீன் பயிற்சி. கால் (Gaul) நாட்டுப் போர்களைப் பற்றிய ஜூலியஸ் சீசரின் நூலில் நீண்ட உரைகள் இந்த வடிவில் வரும். லத்தீனில் அது மெய்யாகவே கடினமான வேலை. முதன்மை வினை இன்ஃபினிட்டிவாகும், எழுவாய் இரண்டாம் வேற்றுமைக்குப் போகும், துணை வாக்கியங்களின் வினைகள் சப்ஜங்டிவாகும். அங்கே மாற்றி எழுதும் பயிற்சிக்கு நியாயம் உண்டு. ஆங்கில வினையில் இப்படிப்பட்ட தனி வடிவம் எதுவும் கிடையாது. மற்ற வாக்கியங்களில் காலம் எப்படி வருமோ அப்படித்தான் இங்கேயும் வருகிறது. நெஸ்ஃபீல்டும் பிறகு ரென்னும் மார்ட்டினும் இந்தியப் பள்ளிகளுக்காக எழுதிய நூல்களின் வழியே இந்தப் பயிற்சி நம்மிடம் வந்து, அதற்கான காரணம் போன பின்பும் சடங்காக நின்றுவிட்டது.

எடுத்துரைக்கும் வினையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆங்கிலச் செய்தித்தாளை விரித்தால், ஓர் அமைச்சர் ‘செட்’ என்று இருக்கும், இன்னொருவர் ‘கிளெய்ம்ட்’ என்று இருக்கும், மூன்றாமவர் ‘அட்மிட்டட்’ என்று இருக்கும். மூவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம். அதை எழுதியவரின் தீர்ப்பு முழுவதும் அந்த ஒரு வினைக்குள் இருக்கிறது. வாசகர் கவனிக்க வேண்டியதும், எழுத வருபவர் பழக வேண்டியதும் அதுதான். பள்ளிப் பயிற்சியில் ‘செட் டு’ என்றால் ‘டோல்ட்’. கேள்வி என்றால் ‘ஆஸ்க்ட்’. ஏவல் வாக்கியத்தில் மட்டும் ஒரு தேர்வு கொடுக்கிறார்கள், அதுவும் எப்படி? முதலாளி வேலைக்காரரிடம் தண்ணீர் கேட்டால் ‘ஆர்டர்ட்’; மாணவர் ஆசிரியரிடம் ஏதேனும் கேட்டால் ‘ரிக்வெஸ்டட்’. குரலில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை, ஆளின் படிநிலையைப் பார்த்து வினையை எழுது என்கிறார்கள். கனிவாகக் கேட்கும் முதலாளியும் அதிகாரமாகக் கேட்கும் மாணவரும் இந்த இலக்கணத்தில் இருக்க முடியாது. இலக்கணத்தின் பெயரில் பிள்ளைகளுக்கு நாம் ஊட்டுவது எதை என்று ஆசிரியர்கள் யோசிக்க வேண்டும்.

உணர்ச்சி வாக்கியங்களின் நிலை பரிதாபம். ‘ஹுர்ரே’ என்றால் ‘எக்ஸ்க்ளெய்ம்ட் வித் ஜாய்’, ‘அலாஸ்’ என்றால் ‘எக்ஸ்க்ளெய்ம்ட் வித் சாரோ’. கிரிக்கெட்டில் ஜெயித்த பையன்களைப் பற்றி ஆங்கிலம் பேசும் எந்த மனிதரும் இப்படிச் சொல்ல மாட்டார். மனிதர்கள் பேச்சை எடுத்துச் சொல்லும் முறையை ஆராய்ந்த டெபோரா டேனன் 1989இல் வெளியிட்ட நூலில், நேர்ப்பேச்சு என்று நாம் நினைப்பதுகூடப் பெரும்பாலும் சொல்பவர் தாமே கட்டி அமைத்த உரையாடல்தான் என்றார். கேட்ட சொற்கள் அப்படியே யாருக்கும் நினைவில் நிற்பதில்லை; கேட்டதன் சாரம் நிற்கிறது, அதற்கு நாம் சொல் கொடுக்கிறோம். அப்படியானால் மேற்கோள்குறிக்குள் இருக்கும் வாக்கியத்தை எடுத்து, உருப்படி உருப்படியாக மாற்றி வெளியே வைப்பது என்ற செயல் வாழ்க்கையில் எங்குமே நடப்பதில்லை. தேர்வறையில் மட்டுமே நடக்கிறது.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, இந்தக் கலையில் தமிழ்ப் பிள்ளைகள் ஏற்கெனவே தேர்ந்தவர்கள் என்பதுதான். பள்ளிக்குப் போகாத குழந்தைகூட ‘நாளைக்கு லீவாம்’ என்று சொல்லும்போது, செய்தி என்னுடையது இல்லை, யாரோ சொன்னார்கள், பொறுப்பு அவர்களுடையது என்பதை ஓர் ‘ஆம்’ சேர்த்துத் தெரிவித்துவிடுகிறது. ‘வர்றேன்னு சொன்னான்’ என்பதற்கும் ‘வருவதாகச் சொன்னான்’ என்பதற்கும் இடையே இருக்கும் ஐயத்தின் சாயலை நம் வீட்டுப் பெண்கள் தொலைபேசியில் எவ்வளவு நுட்பமாகக் கையாள்கிறார்கள்! இந்த அறிவிலிருந்து ஆங்கிலத்துக்குப் பாலம் போட்டிருக்கலாம். அதற்கு மாறாக, ஆங்கிலப் பட்டியலைத் தமிழ் இலக்கணப் பாடத்துக்குள்ளும் கொண்டுவந்து, நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும்போது ‘நான்’ ‘தான்’ ஆக வேண்டும், ‘இன்று’ ‘அன்று’ ஆக வேண்டும், ‘நாளை’ ‘மறுநாள்’ ஆக வேண்டும் என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறோம்.

பேச்சை எடுத்துரைப்பதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை நீதிமன்றம் காட்டும். செஷன்ஸ் நீதிமன்றத்தில் சாட்சியத்தைப் பொதுவாகக் கேள்வி பதிலாக அல்லாமல் தொடர்ந்த விவரிப்பாகப் பதிவு செய்ய வேண்டும் என்று 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 276ஆம் பிரிவில் சொன்னது. நீதிபதி விரும்பினால் எந்தப் பகுதியையும் கேள்வி பதிலாகவே பதிவு செய்யலாம் என்றும் சொன்னது. அந்த இரண்டாவது அனுமதியில் பெரிய ஞானம் இருக்கிறது. ‘அவர் கையில் கத்தி இருந்ததா?’ என்று வழக்கறிஞர் கேட்க, சாட்சி ‘ஆமாம்’ என்கிறார். விவரிப்பில் அது, ‘அவர் கையில் கத்தி இருந்தது’ என்று சாட்சி தாமாகவே சொன்னதாக நிற்கும். ஒரு மனிதர் தாமே சொன்னதற்கும், கேட்டதற்குத் தலையாட்டியதற்கும் உள்ள வேறுபாடு காணாமல் போகிறது. மாற்றி எழுதும்போது எதையோ இழக்கிறோம் என்பதை நம் வினாத்தாள் ஒருபோதும் மாணவருக்குச் சொன்னதில்லை. நேர்ப்பேச்சும் எடுத்துரைத்த பேச்சும் ஒன்றுக்கொன்று சமம், இடையில் ஒரு சூத்திரம் மட்டும் போதும் என்றே சொல்லிவருகிறது.

ஆகவே இந்த வினாவைத் திருத்தி வைத்துக்கொள்ளலாம் என்ற சமரசத்தையும் நான் ஏற்கவில்லை. வினாத்தாளிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதன் இடத்தில் ஒரு சிறு உரையாடலைத் தாருங்கள். பேசியவர் யார், நாள் என்ன, இடம் எது என்று சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து இதைப் பாட்டியிடம் சொல், காவல் நிலையத்தில் சொல், உன் நண்பனுக்குச் செய்தியாக அனுப்பு என்று கேளுங்கள். சி.பி.எஸ்.இ. வினாக்களில் உரையாடலைத் தந்து அறிக்கையை நிரப்பச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. அது ஓரடி முன்னேற்றம், ஆனால் அங்கேயும் கோடிட்ட இடத்துக்கு ஒரே விடைதான். முழுப் பத்தியையும் மாணவரே எழுதட்டும்.

எப்படித் திருத்துவது, ஆளுக்கொரு விடை வருமே என்பார்கள். கடிதத்தையும் கட்டுரையையும் அப்படித்தானே படித்துத் திருத்துகிறோம். இதையும் படிக்க வேண்டியதுதான்.